மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்த அத்தைக்கு

அன்புள்ள அத்தே,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் படையல் போட்டோம். ராகிக் களி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, ஒரு கட்டு வெற்றிலை எல்லாம் வைத்தேன். சுண்ணாம்பை மறந்துவிட்டேன். உங்கள் பிள்ளை பாதியில் எழுந்து கடைக்கு ஓடி வாங்கி வந்தார். சுண்ணாம்பு இல்லாமல் வெற்றிலை வைத்தால் நீங்கள் கனவில் வந்து திட்டுவீர்களாம். திட்டினால் நல்லதுதான், அந்தச் சாக்கிலாவது வருவீர்கள் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது எதற்கு இந்தக் கடிதம் என்றால், இங்கே ஒரு தமிழ் மாதப் பத்திரிகைக்காரர் என்னை விடாமல் துரத்துகிறார். தெற்கேயிருந்து போய்ப் பனிமலை ஏறிய முதல் பெண்களில் நான் ஒருத்தியாம். என் வாழ்க்கையை எழுதித் தர வேண்டுமாம். எங்கிருந்து ஆரம்பிக்கட்டும் என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து என்றார். பிறப்பதில் என்ன இருக்கிறது, எல்லாரும்தான் பிறக்கிறார்கள். சரி என்று பேனாவை எடுத்து உட்கார்ந்தால், எங்கே ஆரம்பித்தாலும் நீங்கள் குறுக்கே வந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

அதனால் உங்களுக்கே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். படிக்கிறவர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். நம் ஆஸ்டின் டவுன் வீட்டில் மெதுவாகத் தும்மினாலே தெருக்கோடி வரைக்கும் கேட்கும், நமக்கு இது புதிதில்லை. உங்களுக்குப் படிக்கத் தெரியாதே என்று யோசித்தேன். பரவாயில்லை, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

நான் மருமகளாக வந்தபோது உங்களுக்கு என்னைப் பற்றி இருந்த ஒரே குறை என் வேலைதான். டிரில் டீச்சர். மைதானத்தில் விசிலை ஊதிக்கொண்டு பெண்பிள்ளைகளைக் குதிக்க வைப்பதற்கு ஒரு சம்பளமா என்று பக்கத்து வீட்டில் சொன்னீர்களாம். ஆனால் முதல் மாதமே என் விசிலை வாங்கிக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டினீர்கள். எச்சில் பட்ட சாமான் கண்ட இடத்தில் கிடக்கக்கூடாது என்றீர்கள். அப்போதே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது. உங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வீர்களே.

மாமாவை நான் பார்த்ததில்லை. கன்டோன்மென்டில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி பங்களாவில் சமையல் வேலை. வெள்ளைக்காரன் கப்பல் ஏறின கையோடு மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து உங்கள் பிள்ளையை ஃபிட்டர் வேலைக்குப் படிக்க வைத்தீர்கள். இதெல்லாம் தெரு சொன்னதுதான், நீங்களாக எதையும் சொன்னதில்லை. மாமாவைப் பற்றிக் கேட்டால் அடுப்பில் ஏதோ தீய்வதுபோல எழுந்து போய்விடுவீர்கள்.

மலை விஷயம் ராமநகரத்தில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ரயிலில் ஒரு நாள் உல்லாசப் பயணம் அழைத்துப் போயிருந்தேன். அங்கே ரிடையரான ஒரு சுபேதார், காலேஜ் பையன்கள் சிலரைக் கயிறு கட்டிப் பாறையில் ஏற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் வேடிக்கை பார்த்ததும், பெண்பிள்ளைகள் தள்ளி நில்லுங்கள் என்று ஒரு அதட்டு. என் பிள்ளைகளுக்கு முன்னால் என்னைத் தள்ளி நில் என்றால் எனக்குப் பொறுக்குமா? புடவையை வரிந்து கட்டினேன். பக்கத்தில் இருந்த பாறையில், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது, வெறுங்காலோடு கடகடவென்று ஏறிவிட்டேன்.

ஏறிய பிறகுதான் இறங்கத் தெரியாது என்று தெரிந்தது. சுபேதார் சிரிக்கவில்லை. கயிற்றோடு மேலே வந்து என்னை இறக்கிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா, இறங்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் புத்தி கெட்டது. வீட்டுக்கு வந்து உங்கள் பிள்ளையிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல, அம்மாவைக் கேட்டுக்கோ என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

நீங்கள் மறுப்பே சொல்லவில்லை. மலைக்குத் தனியாகப் போகக்கூடாது, நானும் வருகிறேன் என்றீர்கள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் தலைக்குக் குளித்து, கூடையில் தேங்காய், பழம், கற்பூரம், ஊதுவத்தியோடு வாசலில் நிற்கிறீர்கள். ரயிலில் பக்கத்தில் இருந்தவளிடம், மருமவ ஏதோ வேண்டுதல் வெச்சிருக்கா என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

பாறைக்கு அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தீர்கள்.

“மேல இன்னா சாமி இருக்குது?”

“சாமி இல்ல அத்தே.”

“சாமி இல்லாத மலைய எதுக்குடி ஏறணும்?”

அத்தே, இன்று வரைக்கும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பத்திரிகைக்காரரும் அதையேதான் வேறு மாதிரி கேட்டார். அன்று சுபேதார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நீங்கள் கூடையை இறக்கி வைத்தீர்கள். கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துப் போகக்கூடாது என்று சொல்லி அந்தப் பாறைக்கே கற்பூரம் ஏற்றித் தேங்காயை உடைத்தீர்கள். பையன்கள் ஆளுக்கொரு சில்லு தின்றார்கள்.

பிறகு நான் ஏற ஆரம்பித்தேன். நீங்கள் மலைக்கு முதுகைக் காட்டி ரயில் பாதைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டீர்கள். என்னால் பார்க்க முடியாது என்றீர்கள். ஆனால் கொஞ்சத்துக்கொரு தரம், திரும்பாமலே குரல் மட்டும் வரும்.

“இருக்கியா?”

“இருக்கேன் அத்தே.”

அவ்வளவுதான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. புளிச்சோற்றுத் தூக்கும் வெற்றிலைப் பையுமாக நீங்கள் வருவீர்கள், முதுகைக் காட்டி உட்காருவீர்கள். பையன்கள் கயிற்றில் தொங்கும்போதும் நீங்கள் கேட்பீர்கள், அவர்களும் இருக்கேன் என்பார்கள். கன்னடக்காரப் பையன்கள் அதையே, இதீனி அம்மா என்பார்கள். ஒரு தடவை சுபேதாரே ஏறிக்கொண்டிருந்தபோது இருக்கியா என்று கேட்டுவிட்டீர்கள். பட்டாளத்துக் குரலில் இருக்கேன் என்று பதில் வந்தது.

சில வருஷம் கழித்து இமயமலைப் பக்கம் பெண்களுக்கென்று ஒரு பயிற்சி முகாம் நடப்பதாகத் தெரிந்தது. சுபேதார் எழுதிப் போட்டு எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் மீனா அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். நான் பார்த்துக்கிறேன் போ என்றீர்கள். பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு மருமகள் ஊர் சுற்றப் போகிறாளா என்று கேட்டவர்களிடம், எங்க வீட்டு விசயத்த நாங்க பார்த்துக்கிறோம், உங்க வீட்டுப் பாலு பொங்குது பாரு என்றீர்கள்.

சிட்டி ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் நேரத்தில்தான் ஜன்னலோரம் வந்து ஒரு நிபந்தனை போட்டீர்கள்.

“வளையலக் கழட்டு, கம்மலக் கழட்டு. மெட்டிய மட்டும் கழட்டாத. என் புள்ள உசுரு அது.”

சரி அத்தே என்றேன். மெட்டியில் என்ன இருக்கிறது, காலோடு காலாகக் கிடக்கும் என்று நினைத்தேன். பனியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? ஆஸ்டின் டவுனில் மார்கழிக் காலையில் வாயில் புகை வந்தாலே ஊரே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும்.

அங்கே போனதும் எல்லாப் பெண்களையும் உட்காரவைத்து விரலில் இருக்கிற எதையும் கழற்றச் சொன்னார்கள். குளிரில் விரல் வீங்கும், மோதிரம் இறுக்கும், ரத்தம் நின்றுபோனால் விரலே போய்விடும் என்றார்கள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்து உள்ளே போட்டிருந்தேன், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மெட்டியைப் பற்றி நானும் பேசவில்லை. இரண்டு கம்பளிக் காலுறைக்குள்ளே, கனத்த பூட்ஸுக்குள்ளே அது இருப்பது யாருக்குத் தெரியும்?

காலுக்குத் தெரிந்தது. பனி ஆரம்பிக்கிற உயரத்துக்கு மேலே போன இரண்டாம் நாள் விரல் மரத்துவிட்டது. முகாம் டாக்டர் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தார். விரல் வீங்கி மெட்டி உள்ளே புதைந்து, சுற்றிலும் நீலம் பாய்ந்திருந்தது. ஒரு கத்தரியை எடுத்தார். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். இதை வெட்டினால் மேலே போகலாம், வெட்டாவிட்டால் இப்போதே கீழே இறங்க வேண்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மிட்டாய்க்கு அழும் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இறங்குகிறேன் என்றேன்.

கீழே வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்ததும் உயிர் போகிற வலி. வலியைவிட, மேலே போகிற கயிற்றில் என் இடம் காலியாகப் போனதுதான் தாங்கவில்லை. ஒரு வாரமாக எதிரே நின்ற வெள்ளைச் சிகரத்தைக் கூடாரத்துக்குள்ளே இருந்து பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

வீட்டுக்கு வந்து, சரிப்படல அத்தே என்று மட்டும் சொன்னேன். நீங்களும் கேட்கவில்லை. தெருவில்தான், போன வேகத்தில் திரும்பிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். உங்களிடம் காரணத்தைச் சொல்லியிருந்தால் அது உங்கள் தலையில் பழி போட்டதுபோல ஆகிவிடும். அதைவிட நான் அந்த மலையையே விட்டுவிடுவேன்.

ஆனால் ஆஸ்பத்திரி ஆயாவின் கண்ணிலிருந்து எது தப்பும்? பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியதும் முதலில் கால்விரலைப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு. ஒரு மத்தியானம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்தீர்கள். எதிரில் குந்தி, என் காலைத் தூக்கி உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள். நான் பதறிப்போய் இழுத்தேன். மாமியார் மடியில் மருமகள் காலா? நீங்கள் விடவில்லை. மெட்டியைச் சுற்றி உரிந்துபோன தோலைக் கட்டைவிரலால் தடவினீர்கள்.

“இதுக்காகத்தான் எறக்கிட்டாங்களா?”

நான் புடவையைக் காலின்மேல் இழுத்துவிட்டேன்.

“கழட்டச் சொன்னாங்க, நீ மாட்டேன்னுட்ட.”

“நீங்கதான அத்தே சொன்னீங்க.”

அப்போதுதான் அதைச் சொன்னீர்கள். அதற்கு முன்னும் பின்னும் மாமாவைப் பற்றி நீங்கள் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

“அவர் செத்த வாரம் நான் மெட்டியக் கழட்டி வெச்சிருந்தேன். சேத்துப்புண்ணு, வெரலு வீங்கிப்போச்சு. ஆறினதும் போட்டுக்கலாம்னு மாடத்துல வெச்சேன். ஆறல. அதுக்குள்ள அவரு போயிட்டாரு.”

மாமாவுக்கு மாரடைப்பு என்றுதானே டாக்டர் சொன்னாராம் என்றேன். தெரியும் என்றீர்கள். ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்றீர்கள். தெரிஞ்சி இன்னா, கால் பார்க்கிறப்பெல்லாம் நெனப்பு வருதே என்றீர்கள். உங்கள் காலை அன்றுதான் நான் சரியாகப் பார்த்தேன். இரண்டாம் விரலில், மெட்டி இருந்த இடத்தில் இன்னும் லேசாக ஒரு பள்ளம் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் என் காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவி முடித்து, அழுதது போதும், போய் உலை வை என்று எழுந்துவிட்டீர்கள்.

அடுத்த வருஷம் சுபேதார் வீட்டுக்கே வந்தார். வட நாட்டில் சில பெண்கள் சேர்ந்து ஒரு சிகரத்துக்குப் போகப் புறப்படுகிறார்கள், ஆண்துணை இல்லாமல் கயிற்றில் பெண்கள் மட்டுமே, நம் பக்கத்திலிருந்து உன்னைக் கேட்கிறார்கள் என்றார். ஆனால் போன தடவை நடந்தது அவர்களுக்குத் தெரியும். விரலில் உலோகம் எதுவும் இல்லாமல் வர வேண்டும், அதற்கு ஒப்புக்கொண்டால்தான் இடம் என்றார். நான் வாசற்படியிலேயே நின்று, வேண்டாம் ஐயா, வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்றேன். 

உள்ளேயிருந்து உங்கள் குரல் வந்தது.

“போவா. நான் சொல்றேன், எழுதிக்குங்க.”

அவர் போனதும் நான் உங்களோடு சண்டைக்கு வந்தேன். உங்களை இன்னொரு தடவை அந்தப் பயத்தில் உட்காரவைத்துவிட்டு நான் எந்தச் சிகரத்தில் போய் நிற்பது? இங்கே உங்கள் பிள்ளைக்குச் சளி பிடித்தால்கூட நீங்கள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பீர்கள். மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்றேன். கழட்டுவ என்றீர்கள். மாட்டேன் என்றேன். வாயாடாத, எனக்கு யோசிக்கணும் என்று வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டீர்கள். பல நாள் யோசித்தீர்கள். நான் மட்டும் பெட்டியைத் தொடாமல் இருந்தேன்.

கிளம்புகிற நாள் காலையில் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டீர்கள். அவர் சவரம் பாதியில் வந்தார். குந்துடா என்றீர்கள், பெஞ்சில் உட்கார்ந்தார். காலக் காட்டு என்றீர்கள். அவர் முழித்தார்.

“மெட்டி யாருக்குடா? உன் உசுருக்குத்தான அவ போட்டுக்கினு இருக்கா? அவ காலு பனியில கெடக்கப் போவுது. உன் காலு இங்க சும்மாத்தான இருக்குது. அவ வர்ற வரைக்கும் நீயே போட்டுக்க.”

“அம்மா, நான் ஆம்பள.”

“அதுக்கின்னா? வெரலு இல்லியா?”

நான் சிரித்துவிடுவேனோ என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை நீங்கள். சேற்றுப்புண் வந்த வாரத்தில் இது மட்டும் தோன்றியிருந்தால் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், நான் கேட்கவில்லை. உங்கள் பிள்ளைக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், எழுந்து போய்த் தன் பையிலிருந்து குறடை எடுத்து வந்தார்.

மெட்டியைத் தரையில் வைக்கக்கூடாது, சும்மா கையிலும் வைத்துக்கொண்டிருக்கக்கூடாது என்றீர்கள். எண்ணெய் விட்டு என் வலது காலிலிருந்து உருவி, அவர் குறடால் அதன் வாயைக் கொஞ்சம் அகட்ட, நேரே அவர் வலது காலில் மாட்டினீர்கள். அப்புறம் இடது கால். மாட்டி முடித்து, முழங்காலில் கையை ஊன்றி எழுந்தீர்கள். இப்ப போ, நல்லா ஏறு என்றீர்கள். கன்னத்தில் பாதி நுரையோடு உங்கள் பிள்ளை தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பட்ட பாடு நான் திரும்பி வந்தபிறகுதான் தெரிந்தது. ஃபாக்டரியில் பூட்ஸ் போட்டே ஆக வேண்டும். நாள் முழுக்க நின்று வேலை செய்து சாயங்காலம் நொண்டிக்கொண்டு வருவாராம். இப்பத் தெரியுதா அவளுக்கு எப்பிடி இருந்திருக்கும்னு என்று நீங்கள் எண்ணெய் தடவிவிடுவீர்களாம். ஒரு நாள் குழாயடியில் கால் கழுவும்போது ஃபோர்மேன் பார்த்துவிட்டு, ஏனப்பா இது, காலுங்குரா என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறார், என்னப்பா இது, மெட்டியா என்று. நம் ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஹெண்டத்தி ஹிமாலயக்கே ஹோகித்தாளே என்று பதில் சொல்லியிருக்கிறார். பெண்டாட்டி இமயமலைக்குப் போயிருந்தால் அதற்கும் இதற்கும் என்ன என்று அந்த மனுஷர் கேட்கவே இல்லையாம். மறுநாளிலிருந்து, ஏறிட்டாங்களா என்று தினம் விசாரித்தாராம்.

ஏறினேன் அத்தே. உங்களுக்கு எத்தனையோ தடவை சொன்ன கதைதான், படிக்கிறவர்களுக்காக ஒரு தடவை. கடைசி நாள் வெளுப்பதற்குள் கிளம்பினோம். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. நான்கு அடி வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். எனக்கு முன்னால் கயிற்றில் ஒரு பஞ்சாபிப் பெண். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சரிவில் என் கால் நின்றுவிட்டது, நகரமாட்டேன் என்கிறது. பூட்ஸுக்குள்ளே விரலை அசைத்துப் பார்த்தேன். பத்தும் அசைந்தது. இரண்டு மட்டும் வெறுமையாக, லேசாக இருந்தது. ராமநகரத்துப் பாறையில் கேட்கிற மாதிரியே உங்கள் குரல் காதில் கேட்டது, இருக்கியா என்று.

இருக்கேன் அத்தே என்று சத்தமாகவே சொன்னேன். மேலே போகிறவள் திரும்பிப் பார்த்தாள். மூச்சுக்காற்று குறைந்து இவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்து என்னை உட்காரவைக்கப் பார்த்தாள். இல்லை இல்லை, மாமியாரிடம் பேசினேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. எப்படியோ சமாளித்து இரண்டு பேரும் உச்சியில் போய் நின்றோம். நாலா பக்கமும் மலை, அத்தே. பால் பொங்கி அப்படியே நின்றுபோன மாதிரி. அங்கேயும் சாமி யாரும் இல்லை. நீங்கள் முடிந்து கொடுத்த கற்பூரத்தை எடுத்து ஏற்றிப் பார்த்தேன், காற்றில் பற்றவே இல்லை, பனியில் வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது சிட்டி ஸ்டேஷனில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாலையோடு நின்றார்கள், பேப்பர்க்காரர்கூட ஒருவர் காமிராவோடு வந்திருந்தார். நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என்னையும் உங்கள் பிள்ளையையும் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்காரவைத்தீர்கள். முதலில் என் பூட்ஸைக் கழற்றி விரல்களை எண்ணினீர்கள். பிறகு அவர் காலிலிருந்து மெட்டியை எடுத்து என் காலில் மாட்டினீர்கள். ஊரே பார்த்தது. பேப்பரில் வந்த படத்தில் நான் மாலையோடு இளிக்கிறேன், அவர் வெட்கப்படுகிறார், உங்கள் முதுகு மட்டும் தெரிகிறது. அந்தப் படத்தைத்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். பத்திரிகைக்காரர் நல்ல படமாக வேறு இருக்கிறதா என்று கேட்டார், இதுதான் நல்ல படம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே செய்தி என்றால், உங்கள் மெட்டி ஏற்பாடு இப்போது ராமநகரத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சட்டமாகிவிட்டது. ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள், என் பழைய மாணவி, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் பயிற்சி முகாமுக்குப் போனபோது அவள் வீட்டுக்காரர் மெட்டி போட்டுக்கொள்ளக் கூச்சப்பட்டார். உங்கள் பிள்ளை நேரே போய், தம்பி, வலது காலுக்குத்தான் வலி ஜாஸ்தி, பஞ்சு வெச்சுக்க என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். மீனா அடுத்த வருஷம் ஹைஸ்கூலுக்குப் போகிறாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தால் வெளியே நின்று, இருக்கியா என்று உங்கள் குரலில் கேட்கிறாள். பதில் சொல்லாவிட்டால் விட மாட்டாள்.

இன்னும் ஒன்றை ஊர் அறியச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன அன்று, குளிப்பாட்டி முடித்ததும் நான் பெருங்காய டப்பாவை எடுத்து வந்தேன். அதில்தானே உங்கள் மெட்டியை வைத்திருந்தீர்கள், மாடத்திலிருந்து எடுத்து அத்தனை வருஷமாக? கறுத்துப்போயிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்து உங்கள் விரலில் மாட்டப் போனேன். தாலி அறுத்தவளுக்கு மெட்டியா என்று தெருப் பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்தார்.  உங்கள் பிள்ளைதான் சொன்னார்.

“போடு. எங்கப்பா மொதல்ல அதத்தான் பாப்பாரு.”

பெரியம்மா கையை விட்டார். போட்டேன். அந்தப் பழைய பள்ளத்தில் வந்து சரியாக உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு எனக்கு அழுகை வரவில்லை அத்தே. நல்லபடியாகக் கிளம்பிப் போனீர்கள் என்றுதான் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

நாளைக்கு நான் மறுபடியும் கிளம்புகிறேன். இந்தத் தடவை புதுப் பெண்கள் சிலரை அழைத்துக்கொண்டு போகிறவளே நான்தான். சாமான் எல்லாம் கட்டியாயிற்று. ஒன்றே ஒன்றுதான் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. என் காலிலிருந்து எடுத்து அவர் காலில் மாட்ட நீங்கள் இல்லை. அந்த வேலையை வேறு யாரிடம் கொடுப்பது, நானே உருவினால் அது கழற்றின கணக்கில் சேருமா என்றெல்லாம் பைத்தியக்காரத்தனமாக யோசித்துக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது நிமிர்ந்து பார்க்கிறேன். உங்கள் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தேங்காயெண்ணெய்க் கிண்ணம், குறடு, கொஞ்சம் பஞ்சு. நான் கூப்பிடவில்லை. அவராகவே வந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மீனா எதிரில் குந்தி, என் காலுக்காகக் கையை நீட்டிக்கொண்டு இருக்கிறாள். தரையில வைக்கக்கூடாது, தெரியும் தெரியும் என்கிறாள்.

பத்து விரலோடு திரும்பி வருவேன் அத்தே. வந்ததும் சிட்டி ஸ்டேஷனில் அதே பெஞ்சில் உட்கார்ந்து மெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். மேலே போய் நின்றதும் யார் என்ன நினைத்தாலும் சரி, காற்றைப் பார்த்துச் சத்தமாகவே சொல்வேன். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாலும் உங்களுக்குக் கேட்கும்.

இருக்கேன் அத்தே.

சாமி இல்லாத மலை ஏறுகிற
உங்கள் மருமகள்
வசந்தா